நான்கு பழுப்புத் தட்டுகள்

மினி கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்த ஆள் அதை ஒருநாளும் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார். என்னுடையது பீரோ உயரம். பினாங்கில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பின்கட்டிலிருந்து அதை மீட்டு, என் வாடகை வீட்டு மாடிக்கு ஏற்றிய அன்று லாரிக்காரர் சீனத்தில் ஏதோ முணுமுணுத்தார். கூட வந்த தோழி மொழிபெயர்த்தாள். இந்தப் பெண்ணின் வீட்டில் கேட்க ஆள் இல்லையா என்கிறாராம்.

இருந்தார்கள். கேட்டார்கள். நான்தான் பதில் சொல்லவில்லை.

இரண்டு வருடம் அதோடு கிடந்தேன். எலி கடித்த வயர்களை மாற்றினேன். உப்பிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதிது வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பக்க விளக்குகள் வரிசையாக எரிந்தன. கூட்டல் போட்டது, கழித்தல் போட்டது. பேச மட்டும் செய்யவில்லை.

பேசுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற பைத்தியங்கள் உலகத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். சுவீடனில் ஒரு தபால்காரர், மெல்பர்னில் ஒரு கணவன் மனைவி, பெங்களூரில் பிரபாகர், இன்னும் சிலர். அலுவலகங்கள் தூக்கி எறிந்த இந்த இயந்திரங்களைப் பழுது பார்த்து, இன்டர்நெட் வழியாக ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிறோம். சுவீடனில் தட்டினால் மெல்பர்னில் இருப்பது பதில் சொல்லும். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்தியோடு எழுந்து போய்விடலாம்.

என் ரகத்து இயந்திரம் மட்டும் அந்தக் கோவையில் சேர முடியாமல் நின்றது. மற்றவற்றோடு பேச அதற்கென்று தனியாக ஒரு புரோகிராம் வேண்டும். தயாரித்த கம்பெனி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. எங்கள் குழுவில் யாரிடமும் அந்தப் புரோகிராம் இல்லை. பிரபாகரிடமும் இதே ரகம் ஒன்று உண்டு. அதுவும் ஊமை. யாருடைய ஊமை முதலில் வாய் திறக்கிறது பார்ப்போம் என்று இரண்டு பேரும் மெயிலில் கிண்டல் செய்துகொள்வோம்.

துப்புக் கொடுத்தவரும் பிரபாகர்தான். திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் இதே இயந்திரம் இருந்ததாம். சாயங்காலம் ஆனால் டெலிபோன் லைன் வழியாகக் கோயம்புத்தூர் ஆபீசுக்குக் கணக்கு அனுப்புமாம். அப்படியென்றால் அது எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் டிஸ்க் தட்டுகளில் அந்தப் புரோகிராம் இருந்தே தீர வேண்டும். எனக்குத் தமிழ் வராது தேவி, நீ போய்க் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று எழுதினார். குழுவைத் தொடங்கியவரே இப்படி எழுதினால் காலில் சக்கரம் கட்டிக்கொள்ளாமல் எப்படி இருப்பது? மில் மேனேஜருக்குப் போன் போட்டேன். இயந்திரம் இருக்கிறது, தட்டுகள் நாலும் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருந்த லீவு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்து. சின்னாளபட்டி நெருங்கும்போது பின்சக்கரம் பஞ்சராகி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பினாங்கில் இப்படி நடந்தால் ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்போம். இங்கே அது ஒரு சிறிய திருவிழா. டிரைவர் எப்படி ஜாக்கி போடவேண்டும் என்பதற்குப் பயணிகளில் பாதிப் பேரிடம் யோசனை இருந்தது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற இரண்டு கேரள வியாபாரிகள் வேலியோரம் குந்தி, முருங்கைக்காயின் விலையைப் பற்றி மலையாளத்தில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் காய் வரத்து நின்றால் எங்கள் ஊரில் சாம்பாரே இல்லை என்று ஒருவர் சொன்னது எனக்கே புரிந்தது.

பக்கத்து சீட்டு அக்கா என் ஊர், வேலை, கல்யாணம் மூன்றையும் டயர் கழற்றும் முன்பே கேட்டு முடித்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் பின்னால் திரும்பித் தன் கணவரிடம் சொன்னார்.

"கம்ப்யூட்டர் வாங்க மலேசியாவுல இருந்து திண்டுக்கல்லுக்கு வந்திருக்காம் இந்தப் புள்ள."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க உள்ளவுகெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சுப்புட்டு அங்கிட்டுப் போறாக. இது பாதை மாறி வந்துருச்சு போல."

திண்டுக்கல்லில் இறங்கியதும் மூக்கில் ஏறியது தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை. கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டே லாட்ஜ் தேடினேன். முதல் லாட்ஜில் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றதும் ரூமும் இல்லை என்றார்கள். இரண்டாவது லாட்ஜில் சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அங்கேயும் இல்லை. மூன்றாவது இடத்தில் இருந்தவர் கொஞ்சம் நல்லவர். தனியாக வருகிற பொம்பளைப் பிள்ளைகளுக்கு ரூம் கொடுத்தால் போலீஸ்காரர் வந்து கேள்வி கேட்பார் என்று காரணத்தையாவது சொன்னார். என் பாஸ்போர்ட்டை ஒரு நாடே நம்பி உள்ளே விட்டிருந்தது. லாட்ஜ் நம்பவில்லை. கடைசியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் விடுதி ஒன்றில் கட்டில் கிடைத்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் புரோட்டா கடைக்கு ஓடினேன். எங்கள் ஊர்ப் புரோட்டாவான ரொட்டி சானாய்க்கு ஒரு கிண்ணிப் பருப்புக் குழம்பு தருவார்கள், அவ்வளவுதான். இங்கே புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்கிச் சாகும்வரை சால்னா ஊற்றினார்கள். போதும் என்பது அந்தக் கடையில் யாருக்கும் கேட்காத சொல். நாக்கு எரிய எரியத் தின்றேன். அன்றைக்கு எல்லாமே ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ரெட்டியார்சத்திரம் தாண்டி இறங்க வேண்டியவள், கண்டக்டர் குரலைத் தப்பாகக் கேட்டுக் கன்னிவாடிப் பிரிவிலேயே இறங்கிவிட்டேன். டீக்கடையிலிருந்து மில்லுக்குப் போன் போட்டதும் மேனேஜர் மொபெட்டில் வந்தார். பழனிசாமி என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் தாண்டி ஏதோ கிராமம். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு வார்த்தை மரியாதை சொட்டியது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அந்த இயந்திரம் வந்து இறங்கிய நாளில் அவர்தான் கணக்குப் பிரிவில் ஜூனியர். மினி என்று சொன்னதை நம்பி மேஜை ஒன்றைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார்களாம். வந்து நின்றதைப் பார்த்தபின் சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்களாம்.

மில் பாதிதான் ஓடியது. மீதி ஷெட்டில் புறா. கணக்குப் பிரிவில் சிறிய கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. பழையதைத் தனி அறையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். பழனிசாமி துணியை இழுத்தார்.

டிராக்டர் பச்சை. பளபளவென்று புது எனாமல் பெயிண்ட். நெற்றியில் சந்தனம், குங்குமம். காற்று போகிற துளைகள் பெயிண்டில் அடைந்திருந்தன. முன்பக்கச் சுவிட்சுகளையும் விட்டுவைக்காமல் அடித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெயிண்ட் என்றால் சுரண்டிக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது தட்டுகள். தட்டுகள் எங்கே என்று கேட்டேன்.

அவர் முகம் இன்னும் மலர்ந்தது. ஆபீசுக்குக் கூட்டிப்போனார். மேஜைமேல் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் வட்டமாக மூன்று. எவர்சில்வர் தாம்பாளம் போல. குனிந்தால் என் முகம் தெரிந்தது.

படிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தட்டு இயல்பில் இப்படி இருக்காது. சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினிய வட்டம். இரண்டு பக்கமும் செம்பழுப்பாக ஒரு பூச்சு. இரும்புத் துருவை மாவாக அரைத்துப் பூசிய பூச்சு அது. இயந்திரம் எழுதுவது அந்தப் பூச்சில்தான். அடியில் இருக்கும் அலுமினியம் வெறும் பலகை.

மேஜைமேல் இருந்தவை மூன்று வெறும் பலகைகள்.

நான் கேட்கும் முன்பே அவர் விளக்கம் கொடுத்தார். கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஆள் இயந்திரத்தைப் பார்க்க வந்தானாம். துருப்பிடித்த குப்பை, எடைக்குப் போடத்தான் லாயக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனானாம். அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அடுத்து நான் வெளிநாட்டிலிருந்து வருகிறேன் என்றதும் மில்லின் மானம் போகக் கூடாது என்று பெயிண்டருக்குச் சொல்லியிருக்கிறார். தட்டுகளின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரே துரு.

"நம்ம ஊருல பாலிஷுக்கா பஞ்சமுங்க? பூட்டுக்குப் பாலிஷ் போடற ஆளு இருக்காருங்க நாகல்நகர்ல. கண்ணாடியாட்டம் ஆக்கிருவாருங்க. நாலாவது இன்னைக்கு மத்தியானம் வந்துருமுங்க."

நாலாவது. அந்த ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. பாலிஷ் போடாதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள் என்று நான் கத்தியதில் டைப்பிஸ்ட் பெண் எழுந்து நின்றுவிட்டாள். பழனிசாமிக்குக் காரணம் புரியவில்லை, அவசரம் புரிந்தது. பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மொபெட்டை எடுத்தார்.

அந்த மொபெட் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. எதிர்க்காற்றில் அதன் வேகம் சைக்கிளைவிடக் கொஞ்சம் மேல். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிவந்த லாரிகள் ஒவ்வொன்றும் எங்களை ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போயின. ஊருக்குள் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சரக்கு வண்டி. பெட்டி பெட்டியாக, எந்த அவசரமும் இல்லாமல், நின்று நின்று போனது. கேட்டடியில் ஒரு பெண் சிறுமலைப் பழம் விற்றுக்கொண்டிருந்தாள். பழனிசாமி ஒரு சீப்பு வாங்கி என் கையில் திணித்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்றார். இவரைத் திட்டக்கூட முடியாதே என்றிருந்தது எனக்கு.

நாகல்நகரில் ஒரு சந்து. சந்து முழுக்க அரம் ராவுகிற சத்தமும் சுத்தியல் சத்தமும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் போனபோது நிசப்தம். கரண்ட் இல்லை. பட்டறை வாசலில் கைலி கட்டிய ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முகம், புருவம், மூக்கு எல்லாம் கறுப்புத் தூசி. அந்தோணி. உள்ளே மோட்டாரில் துணிச்சக்கரம். தரையில் பூட்டுப் பாகங்கள் குவியல் குவியலாக. மோட்டாருக்குப் பக்கத்துப் பலகையில் நாலாவது தட்டு.

ஒரு பக்கம் கண்ணாடி. திருப்பினேன். மறுபக்கம் பழுப்பு.

"ஒரு பக்கந்தான்மா முடிஞ்சிருக்கு. கரண்ட்டு வந்ததும் செத்த நேரத்துல போட்டுத் தந்துர்றேன்" என்றார் அந்தோணி. பிறகு தன் தொழிலைப் பற்றிப் பேசும் உற்சாகத்தோடு சொன்னார். "துரு ரொம்ப ஏறியிருந்துச்சு. ஆனா ஒண்ணு. இம்புட்டுச் சீரா ஏறுன துருவ நான் பாத்ததே இல்ல. ஒரு இடத்துல கூடவும் இல்ல, ஒரு இடத்துல குறையவும் இல்ல."

அது துரு இல்லை, துருதான், ஆனால் வேண்டுமென்று பூசிய துரு, அதில்தான் எல்லாம் எழுதியிருந்தது என்று ஏதோ சொன்னேன். நடுவில் கரண்ட் வந்துவிட்டது. அணைக்காமல் விட்டிருந்த மோட்டார் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. சந்து முழுக்க ஒரே இரைச்சல். அந்தோணி எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"துருவுலயா எழுதுவாங்க?"

ஆமாம் என்றேன்.

"எழுத்து ஒண்ணுகூடக் கண்ணுல படலையேம்மா. பட்டிருந்தா கை வச்சிருப்பேனா?"

பழனிசாமி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அந்தோணி இருக்கவில்லை. துணிச்சக்கரத்துக்குக் கீழே இருந்த தகர டிரேயை இழுத்தார். மெழுகும் துணி நூலும் கலந்த தூசி. மேலாக இருந்தது செம்பழுப்பு நிறம். அதை மட்டும் கையால் வழித்து, பேப்பரில் கொட்டி, சின்னப் பொட்டலமாக மடித்து என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் இதுக்குள்ளதான இருக்கணும். இத வச்சு ஏதாச்சும் பண்ண ஏலாதாம்மா?"

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? ஒரு பக்கம் மிச்சமிருந்த தட்டையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஆனால் இயந்திரம் ஒரு பக்கத்தை முழுக்க எழுதி முடித்துவிட்டு மறுபக்கம் போவதில்லை. மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம் என்று மாற்றி மாற்றித்தான் எழுதிக்கொண்டு போகும். ஒரு வரி விட்டு ஒரு வரி கிழித்த புத்தகம் என் கையில் இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். தடுப்புத் தடுப்பாக அறைகள். பக்கத்துத் தடுப்பில் ஒரு பையன் யாரோ ஒரு அமெரிக்கப் பெண்ணுக்குத் தன் பெயர் டேவிட் என்று டைப் அடித்துக்கொண்டிருந்தான். அவன் நண்பன் உரக்கச் சிரித்துக்கொண்டு, ஏலே, ஊரு திண்டுக்கல்னு போட்டுராத என்றான். நான் குழுவுக்கு நடந்ததை எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் லைன் அறுந்து அறுந்து சேர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து பன்னீர் சோடா ஒன்று குடித்து முடிப்பதற்குள் பிரபாகரிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு மெயில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்.

"வருத்தப்படாதே தேவி. யாரிடமும் சொல்லாதே, அந்தப் புரோகிராம் என்னிடம் டேப்பில் பத்திரமாக இருக்கிறது. வெகுநாளாகவே இருக்கிறது. உன்னுடையதில் இருக்கிற டெலிபோன் லைனுக்கான சர்க்யூட் அட்டை மட்டும்தான் என் இயந்திரத்தில் இல்லை. அந்த மில் இயந்திரத்தில் அது கட்டாயம் இருக்கும். கழற்றி எனக்கு அனுப்பிவிடு. என்னுடையது பேச ஆரம்பித்தவுடன் உனக்குப் புரோகிராம் தருகிறேன்."

கடைசியில் ஒரு சிரித்த முகம் போட்டிருந்தார்.

நான் மூன்று முறை படித்தேன். பிறகு, துருப்பிடித்த குப்பை என்று சொல்லிவிட்டுப் போன ஆள் யார் என்று பழனிசாமியிடம் நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. ஏதோ பழைய இரும்புக்காரன் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மறுபடி மில். இந்த முறை சரியான இடத்தில் இறங்கினேன். கேட்டேன்.

"பெங்களூர்க்காரருங்க" என்றார் பழனிசாமி. "தாடி வச்ச ஆளு. தமிழ் நல்லாத்தான் பேசுனாருங்க. உள்ள இருக்கற ஒரு அட்டைய மட்டும் கழட்டிக் குடுங்கன்னாரு. குடுத்தா முழுசாக் குடுப்பமுங்க, துண்டு துண்டாத் தரமாட்டமுங்கன்னேன். அப்பத்தானுங்க அந்த வார்த்தையச் சொன்னாரு."

தட்டுகளைக் கேட்கவில்லையா என்றேன். தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பார்ப்பானேன்? அதில் இருப்பதுதான் அவரிடம் டேப்பில் இருக்கிறதே. இயந்திரத்தின் மதிப்பைக் குறைக்க ஒரு சொல்லை வீசிவிட்டுப் போனார். அந்தச் சொல் இங்கேயே தங்கி வேலை பார்த்தது. அவரை உள்ளே விடாத வாசலுக்கு, என்னைப் போல நல்ல பிள்ளை ஒன்றை மலேசியாவிலிருந்து அனுப்பியும் வைத்தார்.

பழனிசாமிக்கு நான் முழுவதும் சொன்னேன். அவர் வெகுநேரம் தன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "ஏனுங்க, நல்ல சாமானுங்க, பத்தரமா வைங்கன்னு அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டனுங்களே" என்றார். அவர் குரல் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அவர் ஏன் உடைய வேண்டும்? இயந்திரத்தை என்ன செய்வதென்று கேட்டார். சுவரை மறுபடி இடித்து, கப்பலேற்றிக் கொண்டுபோக என்னால் ஆகாது. அட்டையை மட்டும் கேட்டேன். துண்டு துண்டாகத் தரமாட்டேன் என்று பிரபாகரிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

பச்சைக் கதவைத் திறந்தேன். பெயிண்ட் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. உள்ளே யாரும் கை வைக்கவில்லை. பெரிய நோட்டுப் புத்தக அளவில் அட்டை, தங்க முனைகள் மங்காமல் இருந்தன.

மதுரை பஸ் ஏறும் முன் நாகல்நகர் போனேன். நேற்று அந்த மனிதர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே போக மனம் வரவில்லை. அழிந்துபோனதற்கு இன்னொரு பிரதி என்னை இங்கே அனுப்பியவரிடமே இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அந்தோணி மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டார். நிம்மதி வரும் என்று நான் எதிர்பார்த்த முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"அவருகிட்டயே இருக்குன்னா எதுக்கும்மா உங்கள இம்புட்டுத் தூரம் வரவச்சாரு?"

அட்டையைக் காட்டினேன். முனையைப் பிடித்து வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தங்கமா என்றார். பூச்சுத்தான் என்றேன்.

"இந்த ஒத்த அட்டைக்காகவா என் கையால அம்புட்டையும் அழிக்க வச்சாரு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அவர் மோட்டாரைப் போட்டார். சந்து முனை வரைக்கும் அந்தச் சத்தம் கூடவே வந்தது.

பினாங்கு வந்ததும் பிரபாகருக்கு எழுதினேன். அட்டை என்னிடம் இருக்கிறது. புரோகிராமை அனுப்புங்கள், அட்டையை அனுப்புகிறேன். பதில் உடனே வந்தது. அட்டை முதலில் வரட்டும். அது வேலை செய்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெயிண்ட் அடித்த இயந்திரத்தில் இருந்தது அல்லவா? நான் எழுதினேன், புரோகிராம் முதலில் வரட்டும். அந்த டேப் படிக்கிற நிலையில் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

யாரிடமும் சொல்லாதே என்று அவர் எழுதிய மெயிலை மொத்தக் குழுவுக்கும் அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தனி மெயிலை வெளியே விட்டது அநாகரிகம் என்று சுவீடன் தபால்காரர் என்மேல் பாய்ந்தார். மெல்பர்ன் தம்பதி பிரபாகரைப் பிடித்துக் கிழித்தார்கள். ஆளாளுக்கு நீண்ட நீண்ட கடிதம். வருடக்கணக்காக ஒருவருக்கொருவர் ஸ்க்ரூவும் சிப்பும் தபாலில் அனுப்பிக்கொண்டவர்கள், எந்த ஸ்க்ரூவை யார் கேட்டு வாங்கினார்கள் என்று சொல்லிக்காட்டினார்கள். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் சுவீடனுக்கும் மெல்பர்னுக்கும் நடுவே இருந்த இணைப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள். இப்போது இரண்டு குழுக்கள். இரண்டு குழுவின் இயந்திரங்களும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கின்றன. இரண்டு ஊமைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன, ஒன்று பெங்களூரில், ஒன்று என் மாடியில். ஒரு பக்கத் தட்டை என் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் பஞ்சு மூட்டைக் கணக்கின் துணுக்குகள்.

பொங்கல் அன்று போன் அடித்தது. பழனிசாமி. வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார். வெளிநாட்டு போன் என்பதால் ஆரம்பத்திலிருந்தே உரக்கப் பேசினார். பண்டிகைக்கு ஆபீஸ் குத்துவிளக்குகளைப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்த அந்தோணி பக்கத்தில்தான் நிற்கிறார், உங்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம் என்று போனைக் கொடுத்தார்.

"அந்த மிஷினு பேசிருச்சாம்மா?"

இன்னும் இல்லை என்றேன்.

"அந்த ஆளு இன்னுமா குடுக்கல? இவ்வளவுக்கப்புறமுமா? என்ன மனுசன்மா அவரு."

ஆமாம் என்றேன்.

பிறகு கேட்டார். "நீங்க அந்த அட்டைய அவருக்குக் குடுத்துட்டீங்கல்ல?"

லைன் சரியாகக் கேட்கவில்லை என்றேன். அவர் இன்னும் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, மறுபடி அதையே கேட்டார்.